நீ உடைத்ததாகச் சொன்ன தட்டு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். அதைக் கடைசிக்கு ஒதுக்கி வைத்திருக்கிறேன். முதலில் நீ எனக்கு ஒரு விஷயத்துக்குப் பதில் சொல்ல வேண்டும்.

நானும் உன் அத்தானும் நடத்தும் இசைத்தட்டுக் கடைக்கு மாதத்தின் முதல் செவ்வாயன்று பெட்டிகள் வரும். பெரிய கம்பெனிச் சரக்கு எங்களிடம் கிடையாது. மூன்று பேர், நான்கு பேர் சேர்ந்து வீட்டு அறையிலிருந்து நடத்தும், இசைத்தட்டு வெளியிடும் சின்ன லேபிள்களின் தட்டுகள்தான். பாதி புதியவை, பாதி பழையதை மறுபடி அச்சிட்டவை. இந்த முறை ஒரு ஜாஸ், ஒரு ராப், இரண்டு எலக்ட்ரானிக், வெறும் மரக்குழல் மட்டும் வாசித்தது ஒன்று, காதைக் கிழிக்கும் மெட்டல் ஒன்று. எல்லாவற்றையும் முழுசாகக் கேட்டு, யாருக்குப் பிடிக்கும் என்று சின்ன அட்டையில் எழுதி உறைமேல் செருகுவது என் வேலை. மெட்டலுக்கு, ‘மேல் வீட்டுக்காரரோடு சண்டை உள்ளவர்களுக்கு’ என்று எழுதினேன்.

பெட்டியின் அடியில் சாம்பல் நிற உறையில் ஒரு தட்டு, இரண்டு பிரதிகள். நான் வரவழைக்காதது. ‘இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய பதிவு. பாடகியும் வாத்தியக்காரர்களும் யாரென்று தெரியவில்லை’ என்று பின்பக்கம் போட்டிருந்தது. ஊசியை வைத்தேன். பாடுவது நான். கிட்டார் உன் அத்தான். டிரம்ஸ் நீ. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு வந்தது சந்தேகம்தான்.

அந்தப் பதிவு எங்கிருந்து கிடைத்திருக்கும், சொல். ஸ்டுடியோக்காரர் நம் ஒலிநாடாவின் மேலேயே சோப்பு விளம்பரத்தைப் பதிந்துவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றது உனக்கு மறந்திருக்காது. மிஞ்சியது, அச்சுக்கு முன் சரிபார்க்கத் தந்த ஒரே ஒரு மாதிரித் தட்டு. அதைப் போட்டுக் கேட்ட அன்றுதான் நமக்குச் சண்டை. மெதுவான பாட்டில் தொடங்க வேண்டும் என்று நான் சொல்லியிருந்தும், என்னைக் கேட்காமல் தட்டில் வேகமான பாட்டை முதலாவதாகப் பதியவைத்துவிட்டாய். ‘கேக்குறவன் எந்திரிச்சுப் போயிடுவான்க்கா’ என்றாய். ‘போறவன் போகட்டும், நீயும் போ’ என்றேன். அந்த வேகப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஊசிக் கையைப் பிடித்து இழுத்தாய். தட்டில் கீறல் விழுந்தது. அதை எடுத்துக்கொண்டு போனவன்தான் நீ.

ஆறு வருஷத்துக்கு முன் ஒரே ஒரு முறை போனில் பேசியபோது, அந்தத் தட்டு என்ன ஆயிற்று என்று கேட்டேன். ‘ஒடச்சுத் தூக்கிப் போட்டாச்சு’ என்றாய். நானும் நம்பினேன்.

இப்போது கேள். இந்தப் புதுத் தட்டில் வேகப் பாட்டு ஓடும்போது, தட்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு டக் என்று ஏழு முறை கேட்கிறது. துடைத்துப் பார்த்தேன். ஊசியை மாற்றிப் பார்த்தேன். இரண்டாவது பிரதியைப் போட்டேன். அதே இடம், அதே ஏழு. விளக்கடியில் சாய்த்துப் பார்த்தால் மேலே ஒரு கோடு கிடையாது. கீறல் பதிவிலேயே இருக்கிறது. அது நீ போட்ட கீறல். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்திருக்கிறாய்.

என் குரலை லேபிள் நடத்தும் யாரோ மூன்று பேரிடம் தூக்கிக் கொடுத்துவிட்டு, அக்கா பேரை மட்டும் மறந்துபோனாயா? அத்தான், ‘விடு, அவன் கை நல்லா பேசுது, கேளு’ என்கிறார். அவருக்கு இப்போது இடது காது சரியாகக் கேட்பதில்லை. மனிதர்களைப் பற்றி நல்லதாகச் சொல்ல அது வசதியாக இருக்கிறது.

இதுவரை நேற்று எழுதியது. கோபத்தில் எழுதியதை அடிக்கவில்லை, அப்படியே படி.

இன்று காலை அந்த லேபிள் நடத்தும் பெண்ணைப் போனில் பிடித்தேன். நான் யாரென்று சொல்லவில்லை, கடைக்காரி என்று மட்டும் சொன்னேன். தட்டைக் கொடுத்தவர் தன் பெயர் வேண்டாம் என்றாராம். வீட்டைக் காலி செய்துகொண்டிருப்பதாகச் சொன்னாராம். பதிலுக்கு எதுவும் கேட்கவில்லையாம், நிபந்தனை மட்டும் மூன்று. எங்கள் கடைக்கு இரண்டு பிரதி போக வேண்டும். அந்த டக் சத்தத்தைக் கம்ப்யூட்டரில் எடுக்கக் கூடாது. பாட்டு வரிசை அவர் எழுதிக் கொடுத்தபடிதான் இருக்க வேண்டும்.

அதற்குப் பிறகுதான் உறையைத் திருப்பி வரிசையைப் பார்த்தேன். நேற்று கீறலைத் துரத்திக்கொண்டிருந்ததில் இது கண்ணில் படவே இல்லை. மெதுவான பாட்டு முதலில். வேகப் பாட்டு கடைசியில். நான் கேட்ட வரிசை, தம்பி.

அத்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் துடைக்கவில்லை, ஏனென்றால் அந்தப் பெண் இன்னொன்றும் சொன்னாள். அச்சாகி வர ஆறு மாதம் ஆகும் என்றதற்கு, ‘மூணு மாசத்துல முடியாதாம்மா’ என்று திரும்பத் திரும்பக் கேட்டாராம். ‘நல்ல மனுஷர், பேச்சு நடுவுல நடுவுல நிறுத்தி மூச்சு வாங்கினார்’ என்றாள். உன்னோடு பிறந்தவள் நான். ஒரு அலமாரியை ஒழித்து வை என்றால் ஒரு வருஷம் தள்ளிப்போடுகிறவன் நீ. நீ ஏன் வீட்டைக் காலி செய்கிறாய்? உனக்கு என்ன அவசரம்?

எல்லாவற்றையும் சந்தேகப்படுகிறவள் என்று என்னைக் கேலி செய்வாய். என் சந்தேகம் பெரும்பாலும் பலித்துவிடும் என்றும் நீதான் சொல்வாய். இந்த ஒன்று பலிக்கவே கூடாது.

அந்தத் தட்டுக்கு மட்டும் இன்னும் அட்டை எழுதவில்லை. பாடியவர், வாசித்தவர் பெயரெல்லாம் நீ வந்து உன் கையால் எழுது. இந்தக் கடிதத்தை அந்த லேபிள் பெண் வழியாகத்தான் உனக்கு அனுப்புகிறேன்; வர முடியாவிட்டால் முகவரியை எழுது, நாங்கள் வருகிறோம். உன் வேகப் பாட்டையே முதலில் வைத்துக்கொள்வோம், எனக்கு ஒன்றும் இல்லை.

நீ நலமா?

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அக்கா