சூடு இல்லை நைனா, ரத்தம்

என் நைனாவுக்கு,

உன் படத்துக்கு மாலை போட்டுவிட்டு எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறேன். கும்பிடத் தோன்றவில்லை, சண்டை போடத்தான் தோன்றுகிறது. நீ இருந்திருந்தால் "இன்னாத்துக்கு இப்டி கத்திக்கினு கீற?" என்று சிரித்திருப்பாய். சிரிக்காதே.

போன வாரம் உன் தம்பி, சித்தப்பா, மாடி ஏறி வந்து மூச்சு வாங்க உட்கார்ந்தார். உதடு வெளுத்திருந்தது. உன் உதடும் இப்படித்தான் வெளுத்தது.

உனக்கு முதல் தடவை ரத்தம் எடுத்தபோது தெருமுனை டாக்டர் ரிப்போர்ட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு "ரத்தம் கம்மி" என்றார். இரும்பு மாத்திரை எழுதினார், பேரீச்சம்பழம் சாப்பிடச் சொன்னார். நாமும் நோயின் பெயர் தெரிந்துவிட்ட மாதிரி வீடு திரும்பினோம். ஏன் கம்மி என்று அந்த மனிதர் கேட்கவே இல்லை. மாத்திரை போட்டால் கொஞ்சம் ஏறும், விட்டால் இறங்கும், மறுபடி அதே மாத்திரை. குடத்தின் அடியில் ஓட்டையா என்று பார்க்காமல் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தார்.

நீ மட்டும் என்ன ஒழுங்கா? மயிலாப்பூர் குளத்தங்கரை ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டும் அத்தனை பேருக்கும் ஒரே வியாதிதானே, சூடு! கண் எரிந்தால் சூடு, நீர்க்கடுப்பு வந்தால் சூடு, மலத்தோடு ரத்தம் போனாலும் சூடு. மோர் குடித்தாய், இளநீர் குடித்தாய், சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளித்தாய். சூட்டைப் போய் யாராவது டாக்டரிடம் சொல்வார்களா? அது இளநீர்க் கடையோடு முடிகிற விஷயமாயிற்றே. அப்புறம் மலம் கருத்தது. இரும்பு மாத்திரை போட்டால் கருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்ததால் அதையும் நீ பொருட்படுத்தவில்லை.

கடைசியில் அடையாறில் ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். அவர் நம் பழைய ரிப்போர்ட்டுகளைத்தான் புரட்டினார். "ரத்த செல் சின்னதா இருக்குன்னு முதல் டெஸ்ட்லயே தெரியுதே. இரும்பு குறைஞ்சாலும் இப்படி ஆகும், பரம்பரையாவும் வரும். உடம்புல இரும்பு எவ்வளவு சேர்ந்திருக்குன்னு பார்க்க டெஸ்ட் இருக்கு. அதைக்கூட எடுக்கலையா?" என்றார். எடுத்தார். சேமிப்பு சுத்தமாகக் காலி. "இந்த வயசு ஆம்பளைக்கு இரும்பு காலின்னா, உள்ள எங்கயாவது ரத்தம் கசியுதான்னு முதல்ல தேடணும்" என்றார்.

தேடினார்கள். பெருங்குடலில் கட்டி, ஈரல் வரைக்கும் பரவியிருந்தது. அதற்குப் பிறகுதான் நீ தலையைக் குனிந்துகொண்டு, "அப்பப்போ சூட்டுல ரத்தம் போவும்மா" என்றாய். உன் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. இப்போதும் அப்படித்தான் இருக்கிறது.

உன் காரியம் முடிந்ததும் தெருமுனை டாக்டரிடம் போய்க் கத்தினேன். "அவர் எங்கிட்ட சொல்லலையேம்மா" என்றார். அவர் கேட்கவில்லை, நீ சொல்லவில்லை. நான் யாரைத் திட்டட்டும் நைனா?

அதனால்தான் சித்தப்பாவை அதே டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனேன். "வெறும் சூடும்மா, இதுக்குப் போயி..." என்று வழியெல்லாம் முனகிக்கொண்டே வந்தார். உள்ளே டாக்டரம்மா "மோஷன்ல ரத்தம் போகுதா?" என்று கேட்டதும் சுவரைப் பார்த்தார். "கொஞ்சம் சூடு..." என்று அவர் ஆரம்பித்ததும் எனக்குப் பொறுக்கவில்லை.

"இன்னொரு வாட்டி சூடுன்னு சொன்னா இன்னா பண்ணுவேன்னு எனக்கே தெரியாது. போவுதா, இல்லையா? சொல்லு சித்தப்பா!"

வெளியே காத்திருந்தவர்களுக்கெல்லாம் கேட்டிருக்கும். கேட்கட்டும். சித்தப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அழுதுகொண்டே "ரத்தம் போவுது" என்றார். இந்த இரண்டு சொல்லை நீ முதலிலேயே ஒரு தடவை சொல்லியிருக்கக் கூடாதா?

வியாழக்கிழமை அவருக்குக் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கப் போகிறார்கள். நான் கூடவே இருப்பேன். காரணம் தெரியாமல் ஒரு மாத்திரைகூட இனி இந்த வீட்டில் யார் வாய்க்குள்ளும் போகாது, இது உன்மேல் சத்தியம். ரிசல்ட் நல்லபடியாக வந்தால் சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டு வந்து உன் படத்தைக் கும்பிடுகிறேன். அதுவரை கோபம் கோபம்தான்.

உன் தம்பியின் கையை விடாத,
உன் மூத்த மகள்