அவர் தட்டிலிருந்து என் தட்டுக்கு

செப்டம்பர் 9, செவ்வாய். ஆஸ்லோ

தூறல். கோபன்ஹேகன் கப்பல் காலை பத்துக்கு வந்து சேர்ந்தது. ஓட்டல் ஸ்டேஷன் பக்கம். வாங்க வேண்டியது: குடை, தயிர், வாழைப்பழம். துவைக்க நாலு சட்டை.

இவர் ரிடையர் ஆனதிலிருந்து போட்டு வைத்த பட்டியல்: ஐரோப்பாவில் பேர்பெற்ற ஆறு ரெஸ்டாரண்ட். இரண்டு முடிந்தது. கோபன்ஹேகனில் பதினோரு ஐட்டம், ஒவ்வொன்றும் கொட்டைப்பாக்கு அளவு. அதிலும் பாதியை என் தட்டுக்குத் தள்ளினார். "சாப்பிடு கமலா, உனக்குப் பிடிக்கும்." முப்பத்து நாலு வருஷத்தில் ஒரு அப்பளம் நகர்த்தினதில்லை இந்த மனுஷன்! பக்கத்து மேஜை வெள்ளைக்காரி பார்த்துச் சிரித்தாள். வெட்கமாக இருந்தது. பெருமையாகவும்தான்.

என் ஜாக்கெட் கொக்கி மாட்ட முடியவில்லை. இவர் என்னடாவென்றால் பெல்ட்டில் கத்தரிக்கோல் நுனியால் புது ஓட்டை குத்திக்கொண்டிருக்கிறார். "நடக்கறோம் இல்ல, அதான்."

செப். 10, புதன்

மழை விட்டது, குளிர் விடவில்லை. மதியம் துறைமுகத்துப் பெரிய மீன் ரெஸ்டாரண்ட். பட்டியலில் மூன்றாவது. பரிமாறினவர் யாழ்ப்பாணத்துப் பெண்மணி, ஐம்பது ஐம்பத்தைந்து இருக்கும். "நீங்கள் தமிழோ? இந்தியாவே?" முதலில் வடக்குக் கோடியில் பாட்ஸ்பியோர்டு என்கிற ஊரில் மீன் ஃபாக்டரியாம். "பதினாறு வருசம் மீன் வெட்டினனான், அக்கா. இஞ்சை வந்தும் மீன்தான்." அந்தத் தமிழ் கேட்க நன்றாக இருந்தது.

நண்டு. கால் ஒவ்வொன்றும் முழ நீளம். சதை பூராவும் எனக்கே. இவருக்கு சூப் மட்டும், ஸ்பூனுக்கு ஒரு வாய் தண்ணீர். இருமல். பாத்ரூம் போனவர் கால் மணி நேரம் வரவில்லை.

அந்தம்மா தட்டு எடுக்க வந்தார். "கேக்கிறன் எண்டு குறை நினைக்காதேங்கோ அக்கா. ஐயாவுக்கு விழுங்கக் கஷ்டமோ?"

"சேச்சே. எனக்குக் கொடுக்கறதுல அவருக்கு ஒரு ஆசை."

அந்தம்மா சிரிக்கவில்லை. "ஒருக்கா டொக்டரிட்டைக் காட்டுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். அதிகப்பிரசங்கி. யார் கேட்டார்கள் அந்தம்மாவை? ஓட்டல் வரும்வரை எரிச்சல் அடங்கவில்லை.

செப். 11, வியாழன்

காலை. நல்ல வெயில். தூக்கம் சரியில்லை.

கப்பல் ஏறினதிலிருந்து இவர் சாப்பிட்டது: தயிர். சூப். ஐஸ்கிரீம். பாலில் பிசைந்த வாழைப்பழம். மறுபடி சூப்.
தொடாதது: ரொட்டி, மான்கறி, உருளைக்கிழங்கு, நான் ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த தட்டை முறுக்கு.

எழுதினதைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

9.00. கீழே டிபன். ஒரு வறட்டு ரொட்டியை அவர் தட்டில் வைத்தேன். என் தட்டுக்கு நகர்த்தினார். திருப்பி வைத்தேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். கடித்தார். மென்றார், மென்றுகொண்டே இருந்தார். விழுங்கினதும் கை நெஞ்சுக்குப் போயிற்று. கண்ணில் பொலபொலவென்று தண்ணீர். பாவி நான், அப்படிச் செய்திருக்கக் கூடாது.

"எப்பலேர்ந்து?"

"சித்திரைலேர்ந்து."

"டாக்டர்?"

"குழாய் விட்டுப் பாத்தாச்சு. கட்டி. கிளம்பறதுக்கு முந்தின வாரம் சொன்னாங்க. உடனே ஆஸ்பத்திரில சேரணுமாம்."

"உடனேன்னா?"

"சொன்னா நீ டிக்கெட்டைக் கிழிச்சுப் போட்டிருப்பே."

கத்தினேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். தட்டு எடுக்க வந்தவருக்கு ஒரு மணி நேரத்தில் தெரிந்தது, கூடவே படுத்து எழுந்திருக்கிற எனக்குத் தெரியவில்லை. ஆசை என்று நினைத்துத் தின்று தீர்த்திருக்கிறேன். பயமாக இருக்கிறது. எழுத்து கோணல்.

11.00. டிக்கெட் மாற்றியாச்சு. நாளைக் காலை விமானம். மீதி இரண்டு ஊர் ரத்து. இன்றைக்கு ஒரு மணிக்கு இங்கேயே நாலாவது ரெஸ்டாரண்ட். அதை மட்டும் ரத்து செய்யாதே என்கிறார்.

"என்ன சாப்பிடுவீங்க அங்க?"

"நீ சாப்பிடு. நான் பாக்கறேன்."

ஷேவ் செய்துகொண்டிருக்கிறார். எனக்குப் பசியே இல்லை. பட்டுப்புடவையை எடுத்து வெளியே வைத்தாயிற்று.