உருவிய ஊசி

ஏங்க,

பாண்டிக்குப் போகிறேன், நூல் வாங்க. மறுபடியுமா என்று கேட்காதீர்கள். அடுப்பில் மீன் குழம்பு இருக்கிறது, சூடு பண்ணிச் சாப்பிடுங்கள். சாவி பக்கத்து வீட்டு ரோஸ்லினிடம்.

"இந்த உப்புக் காத்துல எவன் ஸ்வெட்டர் போடுவான்? கூடை நெறய கம்பளி நூலு, ஒண்ணாவது முழுசா முடிச்சியா?" என்று ராத்திரி தெருவுக்கே கேட்கக் கத்தினீர்கள். கடையில் ஒரு நிறம் தீர்ந்துபோனால் அதே நிறம் திரும்பக் கிடைக்காது. அதனால்தான் சேர்த்து வாங்குகிறேன். குல்லாவும் வாசல் தோரணமும் பாதியில் கிடப்பது என்னால்தான், சரி. அந்த நீல ஸ்வெட்டர் யாரால்? உப்பளத்து இன்ஜின் குழாயில் பாசி அடைத்துக்கொண்டது என்று, ஸ்வெட்டரில் கோத்திருந்த பின்னல் ஊசியை உருவிக்கொண்டு போனது நீங்கள். ஊசியை உருவினால் பின்னியது நிற்குமா? கழுத்துவரை வந்திருந்தது, அவிழ்ந்து கொட்டிவிட்டது. ஊசியும் வளைந்துதான் திரும்பி வந்தது.

அளவுக்கு வைத்திருந்த உங்கள் வெள்ளைச் சட்டை கூடையில்தான் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். தை மாதப் பனியில் விடியுமுன்னே உப்பளத்துக்குப் போய் இருமிக்கொண்டே வருகிறவருக்கு என்று நினைத்து ஆரம்பித்தேன். என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

அன்னமேரி

இருமல் மருந்து ஜன்னல் மேல் இருக்கிறது. பாட்டிலோடு குடிக்காமல் மூடியில் ஊற்றிக் குடியுங்கள்.

அவிழ்ந்த நீல நூலைச் சுற்றி வைத்துவிட்டேன். புது ஊசி வாங்கி வந்து டி.வி.க்கு உறை பின்னப் போகிறேன். அதுவும் கத்துகிறதுதான். ஆனால் நான் நிறுத்தினால் நின்றுவிடுகிறது.