பாப்பாவின் கோடு

மார்ச் 3, செவ்வாய்

குறைமாதக் குழந்தைகள் வார்டுக்காக நாங்கள் செய்யும் இணையப் பக்கத்தில் இன்றுதான் முதல் எடைக்கோடு வந்தது. காலையில் நர்ஸ் எடை போட்டு ஏற்றினால், வீட்டிலிருக்கும் பெற்றோர் போனிலேயே பார்த்துக்கொள்ளலாம். கோடு அடியிலிருந்து மெல்ல எழுந்து, தன் இடத்துக்குப் போய் நின்றது. தண்ணீருக்குள்ளிருந்து யாரோ தலை தூக்குவதுபோல. இருக்கிற வேலையை விட்டுவிட்டு அதையே போட்டுப் போட்டுப் பார்த்தேன்.

அக்காவின் பாப்பாவும் அந்த வார்டில்தான் இருக்கிறாள். பிறந்து பன்னிரண்டு நாள், ஆயிரத்து முந்நூறு கிராம். அதனால்தான் இந்த வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

மார்ச் 5

ஒரே சமையலறையில் இரண்டு மாமியார்கள். எங்கள் பக்கம் ஃபங்ஷனல் என்கிற வகை நிரல்மொழியில் எழுதியது. எது மாறினாலும் எல்லாவற்றையும் தானே சரிபார்த்துத் திருத்தும். கோட்டை வரைகிற சார்ட் லைப்ரரியோ வெளியார் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் எழுதிவைத்தது. தான் வரைந்ததை இன்னொருவர் தொட்டால் ஆகாது. லைப்ரரி போடுகிறது, பக்கம் துடைக்கிறது.

டீம் லீடருக்கு நாங்கள் வைத்த பெயர் ‘சுத்தம்’. வெளியாள் கை எதிலும் படக்கூடாது அவருக்கு. மாற்றம் வரும்போதெல்லாம் பழைய சார்ட்டை எறிந்துவிட்டுப் புதிதாக வரை என்றார். எனக்கென்ன கசக்கிறதா? கோடு மறுபடி மறுபடி எழுந்து வரும்.

மார்ச் 7

பஸ் ஜன்னலில் மின்கம்பிகள் இறங்கி இறங்கி ஏறின. இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

மார்ச் 10, செவ்வாய்

நேற்றிலிருந்து பக்கம் பெற்றோர் கையில். இன்று அக்கா போன் செய்தாள். தையல் ஆறாததால் அவளால் தினமும் வார்டுக்குப் போக முடியவில்லை. நாள் முழுக்கப் போனைப் பார்த்தபடி படுத்திருக்கிறாள். பால் கொடுத்தது, துணி மாற்றியது என்று நர்ஸ் எதை ஏற்றினாலும் கோடு அடியில் விழுந்து எழுகிறது.

“ஒவ்வொரு தடவையும் பாப்பா பூஜ்யத்துக்குப் போயிட்டு வர்றாடி. அவ மேல ஏறுற வரைக்கும் நான் மூச்சே விடுறதில்ல.”

அய்யோ. நான் என்ன பண்ணி வச்சிருக்கேன்? அழகா இருக்குன்னு ரசிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேனே — எத்தனை அம்மாக்கள் இப்படி —

மார்ச் 11

அந்த அசைவை நிறுத்திப் பார்த்தோம். கோடு விழவில்லை, ஆனால் ஒரு கணம் இடமே வெறுமையாகித் திரும்பியது. அது இன்னும் மோசம்.

பக்கத்தின் நடுவில் ஒரு காலிப் பெட்டி வைப்போம் என்றேன். அதற்குள் எங்கள் மொழி எட்டிக்கூடப் பார்க்காது. லைப்ரரி உள்ளே குடியிருக்கட்டும். புது எடை வந்தால் அந்த ஒரு எண்ணை மட்டும் கொடுத்துவிட்டு வந்துவிடுவோம். உள்ளே நடப்பது நமக்குத் தெரியாமல் போகுமே என்று சுத்தம் முகம் சுளித்தார். அக்கா சொன்னதை அப்படியே சொன்னேன். கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“பெட்டிய நானே கட்டித் தரேன்.”

மார்ச் 12

புது எடை வந்தது. பழைய கோடு அசையவில்லை. நுனி மட்டும் ஒரு துளி நீண்டது. முப்பது கிராம்.

மார்ச் 19

இன்று இருபது கிராம் குறைவு. பயந்துகொண்டே அக்காவைக் கூப்பிட்டேன். அவள் எனக்கு முன்பே பார்த்துவிட்டிருந்தாள். “இது நிஜமாவே இறங்கினதுதானே. நிஜம்னா தாங்கிக்குவேன்டி.” அவள் அழவில்லை. நான்தான் அழுதேன்.

மார்ச் 27

ஆயிரத்து எழுநூற்றைம்பது. மத்தியான வெயிலில் குடையை மறந்து நடந்தேன், அப்படியொன்றும் சுடவில்லை.

ஏப்ரல் 16, வியாழன்

நேற்று பாப்பாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இனி அவளுக்குப் புது எடை வராது. தெரிந்தும் காலையில் பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டாயிரத்து இருநூற்றுப் பத்தில் நிற்கிறது.

அக்காவுக்குப் போன் போட்டேன். மாமா எடுத்தார். குரலே எழும்பாமல் பேசினார்.

“ரெண்டு பேரும் தூங்குறாங்க. எழுப்பவா?”

வேண்டாம், தூங்கட்டும் என்றேன்.