மச்சானுக்கு வறுத்த கோப்பி

ராத்தா,

இன்று அசர் தொழுதுவிட்டுப் பாயை மடிக்கும்போது குசினியிலிருந்து கோப்பி வறுபடும் மணம் வந்தது. உடனே எழுந்துபோய் தெரு ஒழுங்கைப் பக்கத்து யன்னலைச் சாத்தினேன். கேஸ் அடுப்பில் தாச்சியை வைத்துக் கிண்டிக்கொண்டிருந்த என் மகள் திரும்பிப் பார்த்தாள்.

"ஏன் வாப்பா, புகை பிடிக்குதா?"

"இல்ல மகள். பின்னேரத்தில இந்த மணம் வெளிய போகக்கூடா."

"போனா என்ன? அயல்ல உள்ளவங்க கேத்தலோட வந்திருவாங்களா?" என்று சிரித்தாள்.

வரத்தான் செய்தார்கள் என்று அவளுக்கு விளங்கப்படுத்தத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டேன். இதை உங்களோடு கதைத்தால்தான் எனக்குச் சரியாக வரும். நீங்கள் கண்மூடி இரண்டு நோன்பு கடந்துவிட்டது. ஆனாலும் சில கதைகளை உங்களைத் தவிர வேறு யாருக்கும் சொல்ல வாய் வருவதில்லை.

எழுபதுகளின் கடைசி. நான் நற்பிட்டிமுனைப் பாடசாலையில் படிப்பிக்கத் தொடங்கிய புதிது. ஊர் வழக்கப்படி நம் வாப்பா கட்டிய வீடு உங்களுக்குச் சீதனமாகிவிட்டது. மச்சான் உங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்துவிட்டார். கல்யாணமாகாத நான் அந்த வீட்டில் பாதி தம்பி, பாதி விருந்தாளி. ஏதாவது புத்திமதி சொன்னால், "என்ட வீட்டில இருந்துக்கிட்டு எனக்கே பாடம் எடுக்கிறியாடா?" என்பீர்கள்.

வெள்ளிக்கிழமைக் காலைகளில் நீங்கள் கோப்பி வறுப்பீர்கள். நான் குசினி வாசலில் இருந்து பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்துவேன். பச்சைக் கொட்டை முதலில் வைக்கோல் மணக்கும், பிறகு ரொட்டி சுட்டதுபோல மணக்கும். படபடவென்று வெடித்து மேல்தோல் பறக்கத் தொடங்கியதும் உங்கள் அகப்பை நிற்கவே நிற்காது. கறுக்க முன்னரே இறக்கிவிடுவீர்கள். "இறக்கின பிறகும் உள்ளுக்க வேகும்" என்பீர்கள். வகுப்பில் பிள்ளையைக் கண்டிக்கும்போது அது எனக்கு நல்ல உதாரணமாக இருந்தது. கொஞ்சம் முன்னரே நிறுத்திவிட வேண்டும், மிச்சத்தை அந்தப் பிள்ளையே யோசித்துக்கொள்ளும்.

பின்னேரக் கோப்பி வேறு விஷயம். சாவு விழுந்த மையத்து வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. அயல்வீட்டுப் பெண்கள்தான் கோப்பி வறுத்து, இடித்து, கேத்தல் கேத்தலாக ஊற்றி அனுப்புவார்கள். வீட்டுத் தேவைக்கென்றால் காலையில் கைப்பிடிக் கொட்டை, கூடவே கொத்தமல்லி. மல்லி மணமில்லாமல், அசருக்குப் பிறகு, பெரிய தாச்சியில் நெடுநேரம் வறுபட்டால் ஒழுங்கை முழுக்க வெளியே வந்து, "ஆரு மௌத்து?" என்று கேட்கும். பாடசாலை மணியைப் போலத்தான். ஒரு தட்டு என்றால் பாடம் மாறுகிறது, விடாமல் தட்டினால் வீட்டுக்குப் போகலாம். சின்னப் பிள்ளைக்கும் அது விளங்கும்.

அந்த மாரியில் மச்சான் வயல் வட்டையில் இருந்தார். வேளாண்மையை யானையும் பன்றியும் அழிக்காமல் வாடிக் குடிசையில் தங்கிக் காவல் காக்கும் காலம். விடாமல் மழை பெய்தது. குளக்கட்டு உடைந்துவிட்டதென்று கதை வந்தது, பிறகு வெள்ளமே வந்தது. பக்கத்து வாடிக்காரர்கள் ஒவ்வொருவராகக் கரையேறி ஊருக்கு வந்தார்கள். மச்சான் கட்டிக் கிடந்த எருமைகளை அவிழ்த்துவிடப் போனதைக் கண்டதாகவும், அதற்குப் பிறகு காணவில்லை என்றும் சொன்னார்கள்.

நீங்கள் அழவில்லை. வீட்டில் இல்லாத மனிசனோடு சண்டைதான் பிடித்தீர்கள். "வரட்டும், கேக்கிறன். மற்றவன்ட எருமைக்கு இவரா காவல்?"

ஒரு பின்னேரம் பள்ளிவாசல் ஆட்கள் சிலர் உழவு இயந்திரத்தில் வந்து, என்னை வாசல் கடப்படிக்குக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார்கள். பாலத்தடியில் ஒரு மையத்து ஒதுங்கியிருக்கிறதாம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்களாம், இடுப்பில் அகலத் தோல் வார் இருக்கிறதாம். மச்சானும் அப்படி ஒன்று கட்டுவார். வட்டைக்குப் போகிற எல்லாரும்தான் கட்டினார்கள் என்பதை அந்த நேரத்தில் ஒருவரும் யோசிக்கவில்லை. போய்ப் பார்த்து உறுதிப்படுத்தும்வரை உங்களிடம் சொல்வதில்லை என்று முடிவெடுத்தோம்.

ஆண்கள் வாயைக் கட்டிக்கொண்டோம். முன்வீட்டுச் சாச்சிக்கு எப்படியோ காதில் விழுந்துவிட்டது. மையத்து வந்த பிறகு அவதிப்படக் கூடாதென்று, நல்ல மனத்தோடுதான், அவர் அடுப்பை மூட்டிவிட்டார்.

நான் உழவு இயந்திரத்தில் ஏறப் போகும்போது மணம் ஒழுங்கையைக் கடந்து வந்தது. நீங்கள் முந்தானையைத் தலையில் இழுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், நேரே சாச்சியின் குசினிக்குள் போனீர்கள். நானும் பின்னால் ஓடி வந்தேன். உள்ளே இருந்த பெண்கள் எழுந்து வழிவிட்டார்கள்.

"ஆருக்குச் சாச்சி வறுக்கிறீங்க?"

"சும்மா… வீட்டுக்குத்தான் புள்ள."

"இவ்வளவு கொட்டையுமா? மல்லி எங்க?"

சாச்சியின் கையில் அகப்பை நின்றுவிட்டது. அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நீங்கள் தாச்சியை எட்டிப் பார்த்தீர்கள்.

"கருகப்போகுது. தாங்க இங்க."

அகப்பையை வாங்கி, விறகை வெளியே இழுத்துத் தணலாக்கி, நீங்களே கிண்டத் தொடங்கினீர்கள். ஒருத்தி மெதுவாக, "வீட்ட வா புள்ள, நாங்க பார்த்துக்கிறம்" என்றாள்.

"வறுக்கத் தொடங்கினதப் பாதியில விட ஏலாது. அவரு வந்து குடிப்பாரு." பிறகு என் பக்கம் திரும்பினீர்கள். "நீ ஏன்டா நிக்கிறாய்? போய்ப் பார்த்துட்டு வா. பாராம ஒருத்தரும் எனக்கு ஒண்டும் சொல்லப்படாது."

ஆஸ்பத்திரியில் துணியை விலக்கிக் காட்டினார்கள். மச்சான் இல்லை. "அல்ஹம்துலில்லாஹ்" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். அதற்குள் காரைதீவிலிருந்து வந்த ஒருவர் எனக்குப் பின்னாலிருந்து முன்னே வந்து, அந்த முகத்தைப் பார்த்து, அப்படியே சுவரோடு சரிந்தார். அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் நெஞ்சு இலேசாகியிருந்தது, அவருடைய பாரம் என் கையில் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் மனிதனுக்கு வரும் என்று அன்றுதான் அறிந்தேன்.

திரும்பி வரும்போது நீங்கள் நம் வளவில் உரலடியில் நின்று அந்தக் கோப்பியை இடித்துக்கொண்டிருந்தீர்கள்.

"அவரில்ல ராத்தா."

"எனக்குத் தெரியும்" என்றீர்கள். சொல்லி முடிக்க முன்னர் உலக்கை கையிலிருந்து நழுவி விழுந்தது. நீங்கள் மண்ணில் குந்திக்கொண்டு, அத்தனை நாளுக்குமாகச் சேர்த்து அழுதீர்கள்.

வெள்ளம் வடிந்ததும் மச்சான் வந்தார். எருமைகளோடு மேட்டுக்கு ஒதுங்கி, பாதை அறுந்துபோனதால் ஒரு சிங்களக் கிராமத்துப் பௌத்தப் பன்சலையில் தங்கியிருந்திருக்கிறார். அங்கே யாரோ கொடுத்த சட்டை அவருக்குத் தொப்புள்வரைதான் எட்டியது. வளவில் கூடி நின்ற சனத்தைப் பார்த்து, "என்ன, ஆர்ர கலியாணம்?" என்று கேட்டார்.

நீங்கள்தான் கதைத்தீர்கள். "கால கழுவிட்டு ஏறுங்க. இப்பதான் கூட்டின."

பிறகு கோப்பி ஊற்றிக் கொடுத்தீர்கள். இரண்டு மிடறு குடித்துவிட்டு, "நல்ல மணமா இரிக்கே, ஆரு வறுத்த?" என்றார்.

"உங்கட மையத்துக்குச் சாச்சி தொடங்கினவ. நான் முடிச்ச."

மச்சான் கோப்பையைப் பார்த்தார், உங்களைப் பார்த்தார். சிரித்த சிரிப்பில் கோப்பி மூக்கில் ஏறிவிட்டது. "மௌத்தானாத்தான் தனிக் கோப்பியா? உசிரோட இருக்கிறவனுக்கு மல்லிதானா?"

கதவுக்குப் பின்னால் முகத்தை மூடிக்கொண்டு நின்ற சாச்சி, "இனி ஆரு மௌத்தானாலும் நான் அடுப்பு மூட்டமாட்டன் தம்பி" என்றார்.

"மூட்டுங்க சாச்சி. என்னைக் கேட்டுட்டு மூட்டுங்க."

ஒழுங்கை முழுக்கச் சிரித்தது. அந்தப் பின்னேரம் எல்லா வீட்டுக்கும் அந்தக் கோப்பிதான் போனது.

அதற்குப் பிறகு நான் கனகாலம் படிப்பித்தேன். எண்பதுகளின் கடைசி யுத்த நாட்களில் வகுப்புப் பிள்ளைகள் திடீர் திடீரென்று இல்லாமல் போவார்கள். குடும்பமாக எங்கோ போய்விடுவார்கள், எங்கே என்று தெரியாது. ஒரு பெண்பிள்ளையின் குடும்பத்தைப் பற்றி மோசமான கதை வந்தது. பாடசாலை அதிபர் என்னிடம், "வரவு இடாப்பில பேர வெட்டிருங்க சேர், பாவம்" என்றார்.

"கண்டவங்க ஆரும் இருக்காங்களா சேர்? கண்டிருந்தா வெட்டுறன்" என்றேன்.

ஒவ்வொரு காலையும் அவளுடைய பெயரைக் கூப்பிட்டு, பதில் வரக்கூடிய அளவுக்கு நேரம் விட்டு, அடுத்த பெயருக்குப் போவேன். முதலில் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், பிறகு அவர்களும் என்னோடு சேர்ந்து காத்திருக்கப் பழகினார்கள். தவணை மாறி ஒரு திங்கட்கிழமை, வழக்கம்போலக் கூப்பிட்டேன்.

"ஓம் சேர்."

பொத்துவிலில் சொந்தக்காரர் வீட்டில் இருந்தார்களாம். மெலிந்துபோய், வேறு யாருடையதோ ஒரு வெள்ளைச் சட்டையோடு, தன் பழைய இடத்தில் எழுந்து நின்றாள். இடாப்பில் அவளுடைய பெயருக்கு நேரே சரி போட்டுவிட்டுத்தான் அடுத்த பெயரைக் கூப்பிட்டேன், ராத்தா.