நூலில் பதினைந்து மணி நேரம்

தையல் மெஷின் டிராயரைத் துடைக்கும்போது பழுப்பு நூல்கண்டு ஒன்று உருண்டு வந்தது. பாதிக்கு மேல் காலி. நான் தைத்துத் தீர்க்கவில்லை, நீங்கள் உலகத்தை அளந்து தீர்த்தது.

நம் ஜெனி டொராண்டோவுக்கு வேலைக்குப் போனதிலிருந்து உங்களுக்கு அதே பிழைப்புதானே. அவளுடைய பழைய உலக உருண்டையில் மீனம்பாக்கத்தில் ஒரு விரல், டொராண்டோவில் ஒரு விரல். நடுவில் நூலை இழுத்துப் பிடிப்பீர்கள். அது ரஷ்யாப் பக்கம் ஏறி வடதுருவத்தை உரசிக்கொண்டு அந்தப் பக்கம் இறங்கும். பிறகு அந்த நீளத்தை வெட்டி ஸ்கேலில் வைத்து, விமான வேகத்தால் வகுத்து, "பதினஞ்சே மணி நேரம். பொண்ணு இதோ பக்கத்துலதான் இருக்கா" என்பீர்கள்.

"விமானம் உங்க நூல் மேலயா போகுது? நடுவுல இறங்கி அடுத்த ஃப்ளைட்டுக்குக் காத்துக் கிடக்கணுமே, அது யார் கணக்கு?"

"உக்காந்திருக்கிறதெல்லாம் பயணமா டீச்சரம்மா?"

உங்களுக்கு எங்கே உட்காரத் தெரியும்? பிரசங்கம் கொஞ்சம் நீண்டாலே சர்ச் வாசலில் செருப்பைத் தேடுகிற மனுஷன். அவளை வழியனுப்பப் போனாலும், அவள் உள்ளே நுழையும் முன்பே ஆட்டோ பேசிவிடுவீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நெஞ்சு வலிக்கிறது என்றீர்கள். தாம்பரம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதிலும் அவசரம்.

சேலையூர் வீட்டு ஹாலில் ஐஸ் பெட்டி. ஜெனி கிளம்பிவிட்டாள். உங்கள் தம்பி போனைப் பார்த்து, "நாளைக்கு மதியம் லேண்டிங் அண்ணி, மூணு மணிக்கு எடுத்துடலாம்" என்றார். பாஸ்டரிடமும் சொல்லியாகிவிட்டது. மறுநாள் காலையில் செய்தி வந்தது: முதல் விமானம் தாமதம், அடுத்ததைத் தவறவிட்டுவிட்டாள், இன்னும் ஒரு நாள் ஆகும்.

வெளியூர்ச் சொந்தங்கள் கிசுகிசுத்தார்கள். தம்பி என் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"இதுக்கு மேல வெச்சிருக்க வேணாம் அண்ணி. வீடியோ கால்ல காட்டிடலாம். அவ புரிஞ்சுப்பா."

"இத்தனை வருஷமா வீடியோலதானே தம்பி பாத்தா. கடைசித் தடவையாவது நேர்ல பாக்கட்டும்."

பெட்டியின் கண்ணாடி மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அடமென்று நினைத்தார்கள். அடம்தான். உள்ளுக்குள் பயம் வேறு. செத்தவரைப் படுத்துகிறேனோ, இதற்கு நீங்களே சம்மதிப்பீர்களா என்று.

அடுத்த நாள் தோளில் பையோடு அப்படியே ஓடி வந்தாள். கண்ணாடியைத் தூக்கினார்கள். உங்கள் நெற்றியில் கன்னத்தை வைத்து, "எனக்காகவாப்பா இருந்தீங்க?" என்று கேட்டாள். நான் அதுவரை அழவில்லை.

கூடியிருந்த அத்தனை பேருக்கும் அன்றைக்கு வேறு வேலை இருந்தது. பேசாமல் படுத்துக்கொண்டு என் பக்கம் நின்றவர் நீங்கள் ஒருவர்தான். நாற்பது வருஷத்தில் நீங்கள் எனக்குச் செய்ததிலெல்லாம் அதுதான் பெரிது. அந்தத் தெம்பில்தான் இந்த வீட்டில் தனியாக இருக்கிறேன்.