லெட்டூஸ் கோழியும் சாஸ் பொட்டலமும்

ஏங்க, உங்களை எழுப்பவில்லை. எழுப்பினால் ராத்திரி விட்ட இடத்திலிருந்து சண்டை தொடங்கும். எனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. குழாய் ரிப்பேர்காரர் வருவார். ஒழுகும் இடத்தைக் காட்டுங்கள், கதை பேசிக்கொண்டு நிற்காதீர்கள்.

முட்டையும் காய்கறியும் அடுப்பில் இருக்கின்றன. ஃப்ரிட்ஜில் அடுக்கி வைத்திருக்கும் அந்த ரெடிமேட் லெட்டூஸ் கோழியைத் தொடாதீர்கள். "பச்சை இலையில சுருட்டுனது, உடம்புக்கு நல்லது" என்று எனக்கே பாடம் எடுத்தீர்களே, பெட்டியைத் திருப்பிப் பார்த்தீர்களா? அதில் அச்சிட்டிருக்கும் உப்பின் அளவு ஒரு சுருளுக்குத்தான். நீங்கள் பெட்டியிலிருக்கும் மூன்றையும் முழுங்குகிறீர்கள். கூட வரும் சாஸ் பொட்டலத்தில் அதைவிட உப்பு. வியாழக்கிழமை டிப்போவில் மருத்துவப் பரிசோதனை. பிரஷர் ஏறியிருந்தால் பஸ்ஸைத் தொட விடமாட்டார்கள். இதைச் சொன்னால், "நான் பாத்துதான் சாப்பிடுறேன்" என்று ஒரே பதில். உங்களிடம் பேசுவதும் சுவரில் முட்டிக்கொள்வதும் ஒன்றுதான்.

சாவி உங்கள் மழைக்கோட்டுப் பையில்.

பி.கு.: சாவி மேசைமேல் இருக்கிறது. கோட்டுப் பையில் இடமில்லை. இரண்டு பக்கமும் பிரிக்காத சாஸ் பொட்டலங்கள்! இத்தனை நாளும் அந்த வறட்டுக் கோழியை வெறுமனேதான் மென்றீர்களா? நான் அவ்வளவு கத்தினேனே, "சாஸத் தொடுறதே இல்லடி" என்று ஒரு வார்த்தை சொன்னால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்?

கோபம் இன்னும் போகவில்லை. மூன்று சுருள் மூன்று சுருள்தான்.

சரி, இன்றைக்கு ஒரு சுருள் சாப்பிடுங்கள். ஒரு பொட்டலம் பிரிக்கலாம். பாதி எனக்கு. நான் வருவதற்குள் அதையும் நக்கிவிடாதீர்கள்.